பக்கத்து இருக்கை

கனடாவில் நெடுந்தூரப் பாரவூர்தி ஓட்டுவதற்காக என் அக்காவின் மகன் சென்ற மாரியில் தெருப் பயிற்சிக்குப் புறப்பட்டபோது அவருக்கு வயது நாற்பத்தொன்று. பத்து வருடங்கள் வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வீட்டுக் கடன் மூடப்படவில்லை.

ஒன்ராறியோ மாகாணத்தில் 'ஏ' வகுப்பு அனுமதிப்பத்திரம் பெற விரும்புபவர், 2017 யூலையிலிருந்து குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சி பெற்றாக வேண்டும். மருமகன் அதைக் கோடையில் முடித்தார். 53 அடி ரெயிலரைக் கொழுவுதல், பின்னோக்கிச் செலுத்துதல், காற்றுப் பிரேக்கைச் சோதித்தல் எல்லாம் கைவந்தன. ஆனால் பனியில் ஒரு மைல்கூட ஓடியதில்லை. அனுமதிப்பத்திரம் கிடைத்தபின் புதியவரை அனுபவசாலி ஒருவருடன் சில வாரங்கள் அனுப்புவது வழக்கம். எத்தனை வாரம் என்பது பெரும்பாலும் நிறுவனத்தின் விருப்பம்.

எமது நாட்டில் இந்தப் பயிற்சிக்குத் தனிப் பெயர் கிடையாது. கிளீனர் வேலை என்பார்கள். 2002இல் ஏ9 பாதை திறக்கப்பட்ட பின்னர், செய்திக்காகக் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சரக்கு லொறிகளில் சில தடவை போயிருக்கிறேன். ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனைக்காக அவிழ்த்த படங்கை மறுபடி இழுத்துக் கட்டுவது கிளீனர் பையன்தான். ஏற்றத்தில் நின்றால் சில்லுக்குக் கட்டை வைப்பான். தடியால் ரயர்களைத் தட்டி, எதில் காற்றுக் குறைவு என்பதை ஓசையிலேயே சொல்வான். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, கச்சான் சரையுடன் ஏறுவான். அதன்பிறகு அவனுடைய முதன்மையான கடமை சாரதியை நித்திரை கொள்ளவிடாமல் கதைத்துக்கொண்டு வருவது. இரண்டு மூன்று வருடங்கள் சென்றபின், வாகனம் குறைந்த விடியற்காலையில், வன்னிக்குள் எங்கேயாவது சாரதி இறங்கி மற்றப் பக்கத்தால் ஏறுவார். பையன் ஸ்ரியரிங்கைப் பிடிப்பான். இந்த முறையை நான் போற்றவில்லை. சம்பளம் சொற்பம், குட்டு தாராளம், சட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆயினும் பையன் ஓட்டுகையில் பக்கத்தில் இருந்தவர் கண்மூடி நான் கண்டதில்லை.

மருமகனின் நான்காம் நாள் வேறுவிதமாக அமைந்தது. ரொறன்ரோவிலிருந்து வினிபெக்குக்குச் சரக்கு. சுப்பீரியர் ஏரியின் கரையோரமாகச் செல்லும் 17ஆம் இலக்க நெடுஞ்சாலை, பெரும்பகுதி இருவழிப் பாதை, மேடும் வளைவுமாக. சூ செயின்ற் மரியைத் தாண்டியதும் பயிற்றுநர் பின்னாலுள்ள படுக்கைக்குப் போய்விட்டார். கனேடிய விதிப்படி ஒரு சாரதி நாளொன்றுக்கு 13 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. இருவர் மாறி மாறி ஓட்டினால் லொறி நிற்கவே தேவையில்லை. பயிலுபவரை இரண்டாம் சாரதியாகக் கணக்கில் வைத்தால் முதலாளிக்கு நேரம் மிச்சம்; பயிற்றுநருக்கு நித்திரை மிச்சம். பயிற்சி முடிந்தது என்று கையொப்பமிடுபவரும் அவரே என்பதால் பயிலுபவர் வாய் திறப்பதில்லை.

வாவா என்ற சிற்றூரில் எண்ணெய் நிரப்ப நிறுத்தியபோது எனக்கு அழைப்பு வந்தது. இங்கே காலை, அங்கே இரவு.

"மாமா, பனி கொட்டுது. அந்தாள் நல்ல நித்திரை. எழுப்பினால் கையெழுத்துப் போடமாட்டார் போல கிடக்கு. என்ன செய்ய?"

எனக்கு ஹம்போல்ட் நினைவுக்கு வந்தது. 2018 ஏப்ரல் 6ஆம் திகதி, கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், இளம் ஹொக்கி வீரர்களை ஏற்றிச் சென்ற பஸ்ஸின் குறுக்கே இரட்டை ரெயிலர் பாரவூர்தி ஒன்று நிறுத்தற் குறியைக் கவனியாமல் புகுந்தது. இறந்தவர்கள் 16 பேர். அதன் சாரதி வேலையில் சேர்ந்து ஒரு மாதமும் ஆகாதவர். இரண்டு வாரம் இன்னொருவருடன் ஓடிவிட்டுத் தனியே அனுப்பப்பட்டவர். ரெயிலரின் மேல் படங்கு கழன்று காற்றில் அடித்துக்கொண்டிருந்ததில் அவரது கவனம் போயிருந்ததாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. படங்கு! எமது கிளீனர் பையன்கள் முதல் வாரத்திலேயே கற்கும் பாடம். இந்த அவலத்தின் பின்னர்தான் சஸ்காச்சுவானும் அல்பேர்ட்டாவும் 2019இல் பயிற்சியைக் கட்டாயமாக்கின.

"எழுப்பு தம்பி," என்றேன். "எழும்பாட்டி அங்கேயே நில். வேலை போனால் போகட்டும்."

எழுப்பியிருக்கிறார். முதலில் ஏச்சு. 'பயந்தவனுக்கு ஏன் இந்தத் தொழில்' என்ற கேள்வி. பிறகு அந்த மனிதர் முகம் கழுவி, ஒரு கோப்பியுடன் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாராம். தண்டர் பே வரும்வரை வாய் ஓயவில்லையாம். பனியில் பிரேக்கைத் தொடாமல் கியரைக் குறைத்து இறக்கத்தில் இறங்குவது, மூஸ் மான் ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரக்கூடும் என்று வேகத்தைக் குறைப்பது, முன்னே செல்லும் வாகனத்தின் ரயர்கள் நீர் தெறிப்பது திடீரென நின்றால் தெரு உறைந்துவிட்டது என்று அறிவது எல்லாம் அந்த ஓர் இரவில் வந்தவை. கெட்ட மனிதரல்லர், அவருக்கும் யாரோ அப்படித்தான் பழக்கியிருப்பார்கள்.

கையொப்பம் கிடைக்க மேலும் இரண்டு வாரம் தாமதமானது. மருமகன் இப்போது தனியே ஓடுகிறார். யாழ்ப்பாணத்திலிருக்கும் அக்கா தன் கைத்தொலைபேசியில் வாவாவின் வானிலையைப் பார்த்துவிட்டே படுக்கிறார்.