ஆறு பெண்களும் ஒரு படகும்

கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகிறோமே, அங்கே நாம் பார்ப்பது சமுத்திரத்தின் வாசற்படியைத்தான். உள்ளே எந்த மூலையில் எந்தக் காற்று வீசும், அது எப்போது குணம் மாறும் என்பதெல்லாம் அதில் மாதக் கணக்கில் குடியிருந்தவர்களுக்கே தெரியும். அப்படிக் குடியிருந்து, உலகத்தையே சுற்றி வந்த ஆறு பெண்களின் பிரயாணத்தை இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

2017 செப்டம்பர் 10. கோவாவிலிருந்து ‘தாரிணி’ என்ற பாய்மரப் படகு புறப்பட்டது. வழியனுப்பி வைத்தவர், அப்போது பாதுகாப்பு மந்திரியாக இருந்த, மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன். படகில் இருந்த ஆறு பேரும் இந்தியக் கடற்படை அதிகாரிகள். தலைவி வர்த்திகா ஜோஷி. அவருடன் பிரதிபா ஜாம்வால், சுவாதி, ஐசுவரியா, விஜயா தேவி, பாயல் குப்தா. இவர்களில் ஜோஷியும் பாயலும் உத்தராகண்டைச் சேர்ந்தவர்கள். ஜாம்வால் இமாசலப் பிரதேசம். விஜயா தேவி மணிப்பூர். கடலே இல்லாத மலைச்சீமைப் பெண்கள் நாலு பேர் சமுத்திரம் சுற்றக் கிளம்பினார்கள், பாருங்கள்!

படகு மிகப் பெரிது என்று எண்ணிவிடாதீர்கள். நீளம் 56 அடி. சமையல், தூக்கம், மளிகைச் சாமான், மாற்றுப் பாய்கள் எல்லாம் அதற்குள்தான். இம்மாதிரிப் படகுகளில் அடுப்பைத் தூளிபோல் ஆடும்படி மாட்டியிருப்பார்கள். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பாத்திரம் நிமிர்ந்தே நிற்கும். நின்று சமைப்பவருக்குத்தான் அந்த வசதி கிடையாது!

காற்றின் தயவில்தான் போக வேண்டும். எஞ்சினைக் கொண்டு ஓட்டக் கூடாது என்பது இத்தகைய பிரயாணத்தின் விதி. ஆகவே நாள் பார்த்துத்தான் புறப்பட வேண்டும். தென் அமெரிக்காவின் நுனியில் இருக்கும் ஹார்ன் முனையைத் தென் பாதி உலகத்தின் கோடைக் காலத்தில், அதாவது நம் மார்கழி, தை வாக்கில், தாண்டிவிட வேண்டும். நம் ஊர்த் தென்மேற்குப் பருவமழை பிடிப்பதற்குள் கோவாவுக்குத் திரும்பிவிட வேண்டும். பஞ்சாங்கம் பார்த்துக் கல்யாணம் வைப்பதைவிடக் கஷ்டமான காரியம்!

முதல் சோதனை புயல் அல்ல, காற்றே இல்லாததுதான். பூமத்திய ரேகைக்கு அருகே வடக்கேயிருந்தும் தெற்கேயிருந்தும் வரும் காற்றுகள் சந்தித்து, வெயிலில் சூடாகி, மேலே எழும்பிவிடுகின்றன. கடல்மேல் வீச ஒன்றும் மிஞ்சுவதில்லை. பாய்கள் துவண்டு தொங்கும். திடீரென்று ஒரு கரிய மேகம் வந்து, அரை மணி நேரம் அடித்து நொறுக்கிவிட்டுப் போய்விடும். மறுபடியும் புழுக்கம். செப்டம்பர் 25-ஆம் தேதி அவர்கள் ரேகையைத் தாண்டினார்கள். அக்டோபர் 18-ஆம் தேதி நாம் தீபாவளி கொண்டாடியபோது அவர்கள் நடுக்கடலில் இருந்தார்கள். 23-ஆம் தேதிதான் ஆஸ்திரேலியாவின் பிரிமாண்டில் துறைமுகத்தில் நிலத்தை மிதித்தார்கள்.

பிறகு நியூஸிலாந்தின் லிட்டெல்டன். அங்கிருந்து டிசம்பரில் கிளம்பியபின் பசிபிக் சமுத்திரம், 41 நாள்! சர்வதேசத் தேதிக் கோட்டைக் கிழக்கு நோக்கித் தாண்டியதால், அவர்களுக்கு ஒரே தேதி இரண்டு தடவை வந்தது. பொங்கலன்றும் கடல்தான்.

தெற்கே 40 பாகைக்கு அப்பால் மேற்குக் காற்றைத் தடுத்து நிறுத்த நிலமே அநேகமாக இல்லை. ஆயிரக் கணக்கான மைல் ஓடி ஓடி அலை வளர்ந்துகொண்டே வரும். ‘உறுமும் நாற்பதுகள்’ என்று மாலுமிகள் பெயர் வைத்தது சும்மா இல்லை. ‘தாரிணி’யை அங்கே ஒரு புயல் பிடித்துக்கொண்டது. காற்றின் வேகம் மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல். அலை 7 மீட்டர் வரை. இரண்டு மாடி வீடு ஒன்று பின்னாலிருந்து உருண்டு வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள்!

அப்போது என்ன செய்வது? வரவு குறைந்தால் நாம் செலவைச் சுருக்குகிறோம். இங்கே காற்று மிகுந்தால் பாயைச் சுருக்க வேண்டும். அலை படகின் பின்புறத்தில் வந்து மோதும்படி சுக்கானைப் பிடிக்க வேண்டும். பக்கவாட்டில் வாங்கினால் படகு கவிழ்ந்துவிடலாம். கை விறைக்கும் குளிரில், இடுப்பு வாரைப் படகோடு மாட்டிக்கொண்டு, முறை வைத்து நிற்க வேண்டும். முறை முடிந்தவர் கீழே போய்த் தூங்கியாக வேண்டும். அந்த இரைச்சலில் தூக்கமா என்று கேட்பீர்கள். தூங்காதவர் அடுத்த முறைக்கு உதவ மாட்டார். மேலே சுக்கானைப் பிடித்திருப்பவளிடம் தன் உயிரை ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூட வேண்டும். பாய் கட்டுவதைப் பழகிக்கொள்ளலாம். இந்த நம்பிக்கை, சேர்ந்து வாழ்ந்துதான் வர வேண்டும்.

ஜனவரியில் ஹார்ன் முனையைத் தாண்டி, பாக்லந்து தீவின் ஸ்டான்லி துறைமுகத்தில் இளைப்பாறினார்கள். மார்ச்சில் கேப் டவுன். இனி நம் இந்து மகாசமுத்திரந்தானே என்றால், அங்கேயும் ஓர் இடைஞ்சல். சுக்கான் இயந்திரம் பழுதாகி, திட்டத்தில் இல்லாத மோரீஷஸில் ஒதுங்கிப் பழுது பார்க்க வேண்டியதாயிற்று. பருவமழையோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அதற்கு முன்பே, 2018 மே 21-ஆம் தேதி, கோவா வந்து சேர்ந்தார்கள். மொத்தம் 254 நாள். ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர். போன ஆறு பேரும் பத்திரமாகத் திரும்பினார்கள்.

அதே ‘தாரிணி’ 2024 அக்டோபரில் மறுபடியும் உலகம் சுற்றக் கிளம்பி, 2025 மே மாதம் திரும்பியது. இந்தத் தடவை படகில் ஆறு பேர் இல்லை, இரண்டே பேர். ஒருவர் தில்னா. மற்றவர் நம் புதுச்சேரிப் பெண் ரூபா அழகிரிசாமி. ஒருவர் தூங்கினால் விழித்திருக்க மற்றவர் ஒருவர்தான்! அந்தக் கதையைச் சொல்ல இன்னொரு வாரம் வேண்டும்.