மலையிறங்கிக் கல்லூரி செல்வோர்க்கு

தேயிலை நாற்றை முதலில் நாற்றங்காலில், நிழற்பந்தலின் கீழ் வளர்ப்பார்கள். வேர் பிடித்த பின்னரே மலைச்சரிவில் கொண்டுபோய் நடுவார்கள். நட்டதோடு வேலை முடிந்ததென்று யாரும் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. வெயிலும் பனியும் நேராகப் படும் அந்த முதல் ஆண்டில்தான் நாற்றுக்குக் கவனிப்பு அதிகம் வேண்டும். எஸ்டேட் லைன் வீடுகளில் வளர்ந்த எங்களில் பலருக்கு இது சிறு வயதிலேயே தெரிந்த செய்தி.

எங்கள் பள்ளியும் ஒரு நாற்றங்காலே. காலை ஜெபம், மறைக்கல்வி, முதல் வெள்ளித் திருப்பலி, மே மாதத்தில் காந்தல் குருசடித் திருவிழா என்று எங்கள் நாட்கள் இறைவனின் நிழலில் கழிகின்றன. இன்னும் இரண்டே ஆண்டுகளில் நாங்கள் கல்லூரி மாணவியர் ஆகிவிடுவோம். சிலர் 1955-இல் தொடங்கிய உதகை அரசு கலைக் கல்லூரிக்கும், சிலர் குன்னூரில் 1966-இல் தூய சூசையப்பர் சபை அருட்சகோதரியர் தொடங்கிய பிராவிடன்ஸ் மகளிர் கல்லூரிக்கும் போவோம். மற்றவர்கள் பர்லியாறு வழியாக மலையிறங்கிக் கோவைக்கும் திருச்சிக்கும் சென்னைக்கும் போவோம். அங்கே எங்கள் ஆன்ம வாழ்வுக்கு நீர் வார்ப்பவர் யார்? இதுவே எங்கள் வகுப்பில் இவ்வாண்டு அடிக்கடி எழுந்த கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேடியபோது எங்கள் ஊரே எங்களுக்குப் பெருமை தந்தது. பிரான்சு நாட்டில் 1839-இல் பிறந்த அன்னை மரிய பாடுகளின் மேரி, உதகைக்கு வந்து 1877-இல் துறவற சபை ஒன்றை நிறுவினார். அதுவே பின்னர் உலகெங்கும் பரவிய மரியின் ஊழியர் பிரான்சிஸ்கன் சபை. அச்சபையினரே 1947-இல் சென்னையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியைத் தொடங்கினர். உதகைக் குளிரில் முளைத்த சபை, சென்னை வெயிலில் ஆயிரமாயிரம் பெண்களுக்குப் பட்டம் பெறும் வழியைத் திறந்தது!

கல்லூரியைக் கட்டுவது ஒரு பணி. அதில் படிப்பவரின் உள்ளத்தோடு உடன் நடப்பது இன்னொரு பணி. இதனை நம் முன்னோர் அன்றே உணர்ந்திருந்தனர். 1912-இல் இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கம் தோன்றியது. 1924-இல் நம் தமிழகத்தில் ‘ஐகஃப்’ எனப்படும் அனைத்திந்திய கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் பேரவை பிறந்தது. அப்பேரவையின் வழிகாட்டியாக விளங்கியவர்களுள் ஒருவர் இயேசு சபைக் குருவான பியர் செராக் அடிகளார். 1914-இல் பிரான்சில் பிறந்து, 1937-இல் இந்தியா வந்து, தமிழைத் தம் மொழியாக்கிக் கொண்டவர். அவர் மாணவர்களை உட்காரவைத்து உபதேசம் மட்டும் செய்யவில்லை. ஏழைகளின் குடியிருப்புகளுக்கு அழைத்துச் சென்று மண் சுமக்க வைத்தார். வறண்ட மானாமதுரைப் பக்கம் பண்ணை அமைத்தார், கிணறு வெட்டினார். 1980 முதல் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கம்போடிய அகதிகளிடையே தொண்டாற்றித் தமிழகம் திரும்பினார். 2012-இல் சென்னையில் இறைவனடி சேரும் வரை அவர் பணி ஓயவில்லை.

பெல்ஜியம் நாட்டுக் கார்டைன் அடிகளாரும் இளந்தொழிலாளரிடையே இவ்வழியையே கண்டார். சூழ்நிலையை உற்றுப் பார், நற்செய்தியின் ஒளியில் சிந்தித்துப் பார், பின் செயலில் இறங்கு என்பது அவர் கற்பித்த முறை. இளங்கிறிஸ்தவ மாணவர் இயக்கங்களும் இம்முறையையே பின்பற்றுகின்றன.

இது ஏட்டுச் செய்தி மட்டுமன்று. எங்களுக்கு மூத்த அக்கா ஒருவர், கொழுந்து பறிக்கும் தாயின் மகள், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரியில் கால் வைத்தவர். சமவெளி நகரம் ஒன்றில் விடுதியில் சேர்ந்தார். அங்கே கோவிலில் ஞாயிறுதோறும் பெருங்கூட்டம். நான்கு மாதம் வரை ஒருவரும் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஐந்தாம் மாதம் அவர் திருப்பலிக்குப் போவதை நிறுத்திவிட்டார். செய்தி வீட்டுக்கு எட்டியதும், “படிச்சது போதும், ஊருக்கு வந்துடு” என்றார் தந்தை. அந்த வேளையில் அதே விடுதியில் இருந்த மாணவி ஒருவர், “சனிக்கிழமை சாயங்காலம் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறோம், நீயும் வருகிறாயா?” என்று அழைத்தார். அக்கா போனார். பிள்ளைகள் அவரை ‘ஊட்டி டீச்சர்’ என்று அழைத்தார்கள். பாடம் முடிந்ததும் அம்மாணவியர் வட்டமாக அமர்ந்து விவிலியம் வாசிப்பார்கள். மனத்திலுள்ள சந்தேகங்களை அச்சமின்றிக் கேட்பார்கள். சில வாரங்களில் அக்கா தாமாகவே திருப்பலிக்குத் திரும்பினார். படிப்பும் நிற்கவில்லை.

அன்புள்ள பெற்றோரே, மகளைத் தொலைவுக்கு அனுப்பினால் பக்தி போய்விடுமோ என்று நீங்கள் அஞ்சுவது அன்பினால்தான். ஆனால் அந்த அச்சத்தால் படிப்பே நின்றுபோனால், இழப்பு எங்கள் குடும்பத்துக்கும் திருச்சபைக்கும் சேர்ந்தே வரும். பூட்டி வைப்பது காவலாகாது. உடன் நடப்பவர் இருப்பதே காவல்.

அன்புள்ள அருட்சகோதரியரே, பள்ளியை விட்டுப் போகும் எங்கள் பெயர்களை நாங்கள் சேரும் ஊரின் பங்குக் குருவுக்கும் கல்லூரி மாணவர் குழுவுக்கும் எழுதியனுப்புங்கள். ஓர் அஞ்சல் போதும். முதல் ஞாயிறன்றே யாரேனும் எங்கள் பெயர் சொல்லி அழைப்பார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் மலைக்குத் திரும்பும் அக்காமாரை ஒருநாள் பள்ளிக்கு அழையுங்கள். அவர்கள் பட்டதையும் கற்றதையும் நாங்கள் கேட்கவேண்டும். அவர்கள் கேள்வி கேட்டால் கோபியாதீர்கள். கேள்வி கேட்பவள் இன்னும் தேடுகிறாள் என்றுதானே பொருள்!

தோழியரே, நமக்கும் கடமை உண்டு. 2019-இல் இளைஞருக்கு எழுதிய ‘கிறிஸ்து வாழ்கிறார்’ என்னும் மடலில், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் இளைஞர் பணியை இளைஞரே முன்னின்று ஆற்றவேண்டும் என்று வலியுறுத்தினார். ஆகவே யாராவது வந்து அழைப்பார்கள் என்று நாம் காத்திருக்கலாகாது. விடுதியில் தனியே அழும் பெண் எம்மதத்தவளாயினும், எம்மொழி பேசினாலும், அவளருகே போய் அமர்வோம். அவளை நம் மதத்துக்கு அழைப்பதற்காக அன்று. அவள் நம் சகோதரி என்பதற்காக. பரீட்சைக் காலத்தில் ஒருவருக்கொருவர் துணையிருப்போம். வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம்.

அன்று உதகையிலிருந்து புறப்பட்ட அருட்சகோதரியர் வெறுங்கையோடுதான் போனார்கள். இறைவன் அவர்கள் கைகளை நிறைத்தார். நாற்றங்காலை விட்டுப் புறப்படும் நாமும் சென்ற இடத்தில் வேரூன்றிப் பிறருக்குப் பயன்படுவோமாக. அதற்கான வரத்தை இயேசுவின் திரு இருதயம் நமக்கு அருள்வதாக!

— பத்தாம் வகுப்பு மாணவி