ஓடிய தூரமும் ஓட்டிய கையும்

பழைய மாட்டை வாங்குவோன் அதன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான்; பழைய மோட்டார்க் காரை வாங்குவோன் அதன் தூரமானியை நோக்குவான். மாட்டின் பல் பொய் சொல்லாது, தூரமானி சொல்லக்கூடும். இலக்கத்தைக் குறைத்து வைக்கும் வித்தை பழைய சக்கரத் தூரமானிக்கும் உண்டு, இன்றைய மின்னணுத் தூரமானிக்கும் உண்டு. ஆனால் இலக்கம் முழு உண்மையாக இருந்தபோதிலும், அது கூறுவது பாதிக் கதையே. மறுபாதியை எங்கே படிப்பது என்பதை அண்மையில் நாம் ஆராய நேர்ந்தது.

எமது தமக்கையாரின் மகன் கொழும்பிற் பொறியியலாளனாகத் தொழில் புரிகின்றான். ஐந்தாண்டுச் சேமிப்பு அவன் கையில் இருந்தது. கார் வாங்கப் போவதாகக் கூறியபோது மகிழ்ந்தோம். எந்தக் கார் என்று அறிந்தபோது சிந்திக்கலானோம். அது சுபாரு இம்பிரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ்.; செய்யப்பட்ட ஆண்டு 2003; ஓடிய தூரம் 187,000 கிலோமீற்றர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இந்நாட்டிலுள்ள பழைய கார்களின் விலை வயதோடு இறங்காமல் ஏறியது. ஆகவே கேட்ட விலை சேமிப்பை முழுவதும் விழுங்கி, மேலும் வேண்டி நின்றது. அந்த மேலதிகத்துக்குத் தம் காப்புகளை அடகு வைத்துத் தருவதாகத் தமக்கையார் முன்வந்தார்.

"மாமா, நீங்கள் ஒருக்கால் வந்து பாத்துச் சொல்லுங்கோ. நீங்கள் வேண்டாமெண்டால் விட்டுவிடுறன்" என்றான் மருமகன். இவ்வளவு பெரிய அதிகாரத்தை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டால், அவர் காரைக் காட்டிலும் ஒப்படைத்தவனின் முகத்தையே அதிகம் பார்க்க வேண்டியவராகின்றார்.

அவன் மயங்கியதிற் குற்றமில்லை. உலக ரலிப் போட்டியில் 1995, 1996, 1997 ஆகிய மூன்றாண்டுகளும் தயாரிப்பாளருக்கான பட்டத்தைச் சுபாரு நிறுவனம் பெற்றது இம்பிரெசாவினாலேயாம். ஸ்கொத்லாந்து வீரர் கொலின் மக்ரே 1995இல் உலக வாகை சூடியதும் அதனைச் செலுத்தியே. தெருவில் ஓடும் டபிள்யூ.ஆர்.எக்ஸ். அந்தப் பந்தயக் காருக்கு ஒன்றுவிட்ட தம்பி எனலாம். உருளைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்திருக்கும் எஞ்சின், வெளியேறும் புகையின் விசையாற் சுழன்று எஞ்சினுள் மேலதிகக் காற்றைத் திணிக்கும் டர்போ, நான்கு சில்லுகளுக்கும் பாயும் இழுவை ஆகிய மூன்றும் அதன் சிறப்புக்கள்.

நிற்க. "பழைய காருக்கு ஏன் பயம்? யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஓட்டாத பழைய காரோ?" என்று அயலவர் ஒருவர் வினவினார். நியாயமான வினா. 1990களிற் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில், ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் முதலான கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை எம் வயதினர் கண்ணாரக் கண்டுள்ளோம். சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்துப் பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நாற்பது வயதைத் தொட்ட அக்கார்கள் புகை கக்கியவாறே மணமக்களையும் நோயாளரையும் சுமந்தன. பழையது கைவிடாது என்னும் நம்பிக்கை எம்மவரிடையே வேரூன்றியது அக்காலத்திலேதான்.

ஆயினும் அக்கார்கள் அவ்வளவு பொறுமை காட்டியமைக்கு ஒரு காரணம் உண்டு. 1200 கன சென்ரிமீற்றர் கொண்ட ஏ40 எஞ்சினிடம் பெற்ற வேலை ஏறத்தாழ 40 குதிரைவலுவே. அதன் அமுக்க விகிதமும் குறைவு. 2000 கன சென்ரிமீற்றர் கொண்ட டபிள்யூ.ஆர்.எக்ஸ். 200 குதிரைவலுவுக்கு மேலே தருகின்றது. அளவுக்கு அளவு ஒப்பிட்டால் மும்மடங்கு வேலை. டர்போவின் சுழலி நிமிடத்துக்கு ஓர் இலட்சம் தடவைக்கு மேலும் சுழலவல்லது. அதன் தண்டைக் காப்பது ஒயிலின் மெல்லிய படலம் ஒன்றே. ஒயிலைக் காலத்தில் மாற்றாதவனும், குளிர்ந்த எஞ்சினை முறுக்குபவனும், கடும் ஓட்டம் முடிந்த கையோடு எஞ்சினை நிறுத்துபவனும் அந்தக் காப்பைக் கெடுக்கின்றார்கள். இவற்றில் எதுவும் தூரமானியிற் பதிவதில்லை. நெடுந்தெருவிற் சீராக ஓடிப் பேணப்பட்ட 200,000 கிலோமீற்றர்க் கார், இரவுதோறும் நண்பரோடு போட்டியிட்ட 80,000 கிலோமீற்றர்க் காரிலும் இளமையானதாக இருக்கலாம்.

பாடசாலை விடுமுறையிற் கொழும்பு சென்று காரைப் பார்த்தோம். பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் காரில் உள்ளவற்றோடு பொருந்தின. மிதிகளின் இறப்பர் தேய்வும் சாரதி இருக்கையின் நைவும் தூரமானிக்குச் சாட்சி கூறின. இத்தகைய எஞ்சினின் ரைமிங் பெல்ற்றை ஏறத்தாழ 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்ரனும் மோதி எஞ்சின் பாழாகும். அதனை மாற்றியதற்குப் பற்றுச்சீட்டு இருந்தது. நான்கு டயர்களும் ஒரே வகையாய், ஒத்த தேய்வுடன் இருந்தன. நான்கு சில்லும் இழுக்கும் காருக்கு அது இன்றியமையாதது. ஆனால் காரை இதுவரை ஐவர் ஆண்டிருந்தனர். கடைசி இருவர் காலத்தில் ஒயில் மாற்றியதற்கு ஒரு துண்டுக் காகிதமேனும் இல்லை. எஞ்சினைச் சூடாக்காது வைத்திருக்குமாறு முன்கூட்டியே கேட்டிருந்தோம். முதன்முறை இயக்கியபோது நீலம் பாய்ந்த புகை சிறிது தோன்றி மறைந்தது. எங்கோ ஒயில் எரிகின்றது என்பது அதன் பொருள்.

பின்னர் ஓட்டிப் பார்த்தோம். எஞ்சின் 3000 சுற்றைத் தாண்டியதும் இருக்கை எம் முதுகைத் தள்ளியது. நாற்பதைக் கடந்த எம் உள்ளமும் அக்கணமே மருமகனின் கட்சிக்குத் தாவிவிட்டது என்பதை மறைப்பானேன்?

கராஜில் உருளைகளின் அமுக்கத்தை அளந்தார்கள். மூன்று உருளைகள் 140ஐ அண்டி நின்றன. நான்காவது 105ஐத் தாண்டவில்லை. "மாஸ்ரர், மூண்டு பேர் உழைக்கினம், ஒருத்தன் களைச்சுப் போனான்" என்றார் முதிய மெக்கானிக்.

செய்தியறிந்த உரிமையாளர் விலையைக் குறைத்தார். எவ்வளவெனில், இனித் தமக்கையாரின் காப்புகள் தேவையில்லை. சேமிப்பு மட்டும் போதும். மருமகனின் முகம் மலர்ந்தது. உண்மையான சோதனை அப்போதுதான் தொடங்கிற்று.

நாம் வேண்டாம் என்று கூறவில்லை. ஒரு தாளைக் கொடுத்து, கார் வீட்டுக்கு வந்த மறுநாள் முதல் ஓராண்டுச் செலவை எழுதச் சொன்னோம். எஞ்சினைப் பிரித்துச் செப்பனிடுதல், 95 ஒக்டேன் பெற்றோல், காப்புறுதி, நான்கு டயர் என்று அவன் எழுதிக்கொண்டே போனான். விற்பவர் பழைய கார் என்று விலையைக் குறைப்பார். உதிரிப்பாகக் கடைக்காரரோ பழைய கார் என்று இரக்கங் காட்டமாட்டார். அச்செலவுக்கு எங்கே போவது என்று எண்ணியபோது, தாயின் காப்புகள் மீண்டும் அத்தாளில் வந்து நின்றன. அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "மாமா, நீங்கள் சொல்லவேண்டாம். நானே வேண்டாமெண்டு சொல்லிவிடுறன்" என்றான்.

ஆசையை அடக்குக என்று இளைஞருக்கு உபதேசிப்பது எம் நோக்கமன்று. விரைவான காரை விரும்புவது பாவமுமன்று. நெடுந்தூரம் ஓடியது என்பதற்காக ஒரு காரைத் தள்ளவும் வேண்டியதில்லை. எவர் கையில் ஓடியது என்பதற்குச் சான்று கேளுங்கள். விலையைச் செலுத்திய பின்னரும் அதனைப் பேணப் பணம் எஞ்சுமா என்று கணக்கிடுங்கள். எஞ்சாவிடின், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்தக் கார் விலை கூடியதே.

மருமகன் இன்னும் சேமித்து வருகின்றான். பற்றுச்சீட்டுக்கள் நிறைந்த ஓர் உறையோடு, நான்கு உருளைகளும் ஒத்து உழைக்கும் டபிள்யூ.ஆர்.எக்ஸ். ஒன்று அவனுக்கு அகப்படுமாயின் நாமும் மகிழ்வோம். முன்னிருக்கையில் எமக்கோர் இடமும் கேட்போம்.