வெள்ளை உடையும் வெளுக்கும் கிழவியும்

தறியோசை ஓய்ந்த இரவு. ஓரிக்கையில் பெரியப்பா வீட்டுத் திண்ணை. கைப்பேசியில் பழைய ஆங்கில நகைச்சுவைப் படமொன்று கண்டோம். 1951-ல் ஈலிங் நிறுவனத்தார் எடுத்த 'தி மேன் இன் தி ஒயிட் சூட்'. அலெக்சாண்டர் மெக்கென்ட்ரிக் இயக்கம். அலெக் கின்னஸ் நடிப்பு.

கிழியாத நூலைக் கண்டுபிடிக்கிறான் ஓர் இளைஞன். அழுக்கு ஒட்டாது, ஆகவே சாயமும் ஏறாது! உலகம் தன்னை வாழ்த்தும் என நம்புகிறான், பேதை! கிழியாத துணியை மறுமுறை வாங்குவார் யார் என்று ஆலை முதலாளிகள் அலறுகின்றனர். வேலை போகுமே என்று தொழிலாளரும் அலறுகின்றனர். எந்நாளும் எதிரெதிர் நின்றோர், அந்த ஒருவனை விரட்டுவதற்கு ஒன்றுபடுகின்றனர்! வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பெரியப்பா சிரிக்கவில்லை.

ஓடுபவனை வழியில் மறிக்கிறாள், அவன் குடியிருக்கும் வீட்டுக்காரி. துணி வெளுத்துப் பிழைப்பவள். வெளுக்க அழுக்கே இல்லாவிட்டால் தன் கதி என்னவென்று கேட்கிறாள்.

பட்டுச் சேலையைக் கைத்தறிக்கென ஒதுக்கிய சட்டம் 1985-ல் வந்தது. ஆயினும் விசைத்தறிச் சேலை, கைத்தறி என்று பொய்ப்பெயர் பூண்டு கடையேறுகிறது! அதை எதிர்க்கிறோம். ஆனால் இயந்திரத்தையே சபிக்க நமக்கு நா எழவில்லை. பெரியப்பாவின் தறியோரம் அமர்ந்து, கோர்வைச் சேலைக்குக் கரை நாடா தள்ளிய சிறுவர் நாம். அந்த வேலையிலிருந்து மீண்டதால்தான் பட்டம் பெற்றோம், ஆசிரியரானோம். அறிவியலே விடுதலை என்று அன்று காலையும் வகுப்பில் முழங்கிவிட்டு வந்திருந்தோம்.

முடிவில் அந்தத் துணி பஞ்சு பஞ்சாகப் பிய்கிறது. துரத்தியவர்கள் சிரிக்கின்றனர்.

"அந்தக் கிழவிக்கு அவன் என்னடா பதில் சொன்னான்?" என்றார் பெரியப்பா.

"ஒன்றும் சொல்லவில்லை, பெரியப்பா."

"நீ என்ன சொல்லுவே?" என்று கேட்டுவிட்டு, விளக்கை அணைக்க எழுந்தார்.