நாலாவது படி

பயிற்சி வகுப்பு முடியும் நேரத்தில் ஆளுக்கொரு தாள் கொடுப்பார்கள். பயிற்சி தந்தவர் எப்படி, அறை எப்படி, சாப்பாடு எப்படி என்று ஐந்துக்கு மதிப்பெண் கேட்கும் தாள். பெரும்பாலும் நான்கும் ஐந்துமாகத்தான் விழும். ஒரு நாள் முழுக்க மெஷின் இரைச்சல் இல்லாமல் உட்கார்ந்து, நல்ல சாப்பாடும் சாப்பிட்டவர்கள் மதிப்பெண் போடுவதில் கஞ்சத்தனம் காட்டமாட்டார்கள். கோவையில் பம்ப், மோட்டார் செய்யும் சிறு தொழிற்சாலைகளுக்குப் பயிற்சி ஏற்பாடு செய்து தருவது என் தொழில். முதலாளிகள் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். அடுத்த மாத ரிஜெக்‌ஷன் கணக்கை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களை அபூர்வமாகவே சந்தித்திருக்கிறேன்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்த டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-ல் இதைப் பற்றி எழுதத் தொடங்கினார். பயிற்சியின் பலனை நான்கு நிலைகளில் பார்க்கவேண்டும் என்றார். வந்தவர்களுக்குப் பிடித்ததா, ஏதாவது கற்றார்களா, வேலையில் அதைச் செய்கிறார்களா, அதனால் நிறுவனத்துக்கு என்ன கிடைத்தது. அந்தத் தாள் முதல் நிலையோடு நின்றுவிடுகிறது. பரீட்சை வைத்தால் இரண்டாவது நிலைவரை போகலாம். மூன்றாவதைப் பார்க்க யாராவது வேலை நடக்கும் இடத்துக்கே போய் நிற்கவேண்டும். அங்கேதான் எல்லோரும் நழுவிவிடுகிறார்கள்.

இந்த விஷயத்தில் என்னை மிகவும் கவர்ந்தது அமெரிக்காவில் 1940-ல் தொடங்கிய ஒரு திட்டம். போர் நெருங்கிய நேரம். தேர்ந்த தொழிலாளிகள் பட்டாளத்துக்குப் போக, மெஷினையே பார்த்திராதவர்கள் கப்பல் கட்டும் தளங்களுக்கும் ஆலைகளுக்கும் வந்து குவிந்தார்கள். பெண்கள் ஏராளமாக வந்தார்கள். இத்தனை பேருக்கும் வகுப்பு எடுக்க ஆள் ஏது? அதனால் சூப்பர்வைசர்களைப் பிடித்தார்கள். பத்துப் பேர் கொண்ட குழு, இரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வுகள். மொத்தமே பத்து மணி நேரம். வேலையைக் கற்றுக்கொடுப்பது எப்படி என்பது மட்டும்தான் அங்கே பாடம்.

முதல் அமர்வில் ஒரு முடிச்சு வரும். பல்பு ஹோல்டருக்குள் ஒயர் இழுபடாமல் இருக்க எலக்ட்ரீஷியன்கள் போடும் முடிச்சு. பயிற்சி தருபவர் ஒருவரை அழைத்து, அதை எப்படிப் போடுவது என்று வாயால் மட்டும் சொல்வார். அவருக்கு வராது. இன்னொருவரை அழைத்து, பேசாமல் போட்டுக் காட்டுவார். அவருக்கும் வராது. சொல்வதாலோ காட்டுவதாலோ மட்டும் வேலை வராது என்பதை, இருபது வருட அனுபவம் உள்ள ஃபோர்மேன் தன் கையாலேயே உணர்ந்துவிடுவார். அதன் பிறகுதான் நான்கு படிகள் கொண்ட முறையைக் காட்டுவார்கள். ஆளைத் தயார்படுத்து. படிப்படியாகச் சொல்லிச் செய்து காட்டு. எந்த இடத்தில் கவனம் வேண்டும், ஏன் வேண்டும் என்பதையும் சொல். அவரையே செய்யவிடு, செய்துகொண்டே விளக்கச் சொல். கடைசியாக, நாலாவது படியில், அவரைத் தனியாக வேலையில் விட்டு, சந்தேகம் வந்தால் யாரிடம் போகவேண்டும் என்று சொல்லி, அடிக்கடி போய்ப் பார்; பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பார்ப்பதைக் குறை. 1945-ல் திட்டம் முடிவதற்குள் பதினாறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தப் பயிற்சிகளை முடித்திருந்தார்கள். போருக்குப் பிறகு இது ஜப்பானுக்குப் போய் டொயோட்டாவில் வேர் பிடித்தது.

முதல் மூன்று படிகளை நம் ஊரிலும் ஓரளவு செய்கிறோம். நாலாவது படி மட்டும் காணாமல் போய்விடுகிறது. பயிற்சி தரவந்தவர் ரயிலேறிவிடுவார். சூப்பர்வைசருக்கு வகுப்பில் என்ன நடந்தது என்றே தெரியாது. அன்று ஆள் குறைந்த எரிச்சலில் இருப்பார். புதிதாகக் கற்ற முறையில் கை முதலில் மெதுவாகத்தான் ஓடும். மதியத்துக்குள், "என்னப்பா, இன்னைக்குக் கவுண்ட் விழுகலையே?" என்று அவர் கேட்டுவிட்டால் போதும், மாலைக்குள் பழைய முறை திரும்பிவிடும். இதைப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கு எத்தனை சொன்னாலும் ஏறாதுங்க" என்று யாராவது சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் கற்றுக்கொண்டார்கள். கற்றதைச் செய்ய இடம்தான் கிடைக்கவில்லை.

சப்மெர்சிபிள் மோட்டார் செய்யும் ஓர் ஆலையின் வைண்டிங் பிரிவில் இதற்கு நேர்மாறான ஒன்றைப் பார்த்தேன். ஸ்லாட் வழியாகச் செம்பு ஒயரை இழுத்துச் சுற்றும் வேலை. அங்கே எல்லாரும் பெண்கள். ஒயரின் மேலுறையில் சின்னக் கீறல் விழுந்தாலும் ஆபத்து. மோட்டாருக்குள் தண்ணீர் நிற்கும். கீறல் வழியாக மின்சாரம் கசிந்து காயில் எரிந்துவிடும். ஆயிரம் அடி போர்வெல்லிலிருந்து அதை மேலே தூக்குகிற செலவும், அதுவரை காய்கிற பயிரும் விவசாயியின் தலையில் விழும். இதையெல்லாம் வகுப்பில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். கேட்டால் ஒவ்வொருவரும் அழகாகச் சொன்னார்கள். ஆனால் மின்கசிவைப் பார்க்கும் மெகர் சோதனையில் தேறாத காயில்கள் வந்துகொண்டுதான் இருந்தன.

அந்தப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா ஒரு பெண்ணின் அருகில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"அம்மிணி, ஒயரு எங்க உரசுதுன்னு பாத்துச் சொல்லு."

"ஸ்லாட் வாய்ல உரசுதுங்க்கா."

"எப்பப்ப?"

அந்தப் பெண் நாலைந்து முறை இழுத்துப் பார்த்தாள். "இடது கை தாழும்போதுங்க்கா."

"சரி, தாழாம இருக்க என்ன பண்ணலாம்?"

அவளே ஸ்டாண்டின் உயரத்தைக் கொஞ்சம் மாற்றினாள். அக்கா அடுத்த பெண்ணிடம் போனார். மதியம் திரும்பி வந்து பார்த்தார், மறுநாளும் வந்தார்.

திமோதி கால்வே என்ற டென்னிஸ் பயிற்சியாளர் 1974-ல் எழுதிய புத்தகத்தில் இதே வழி இருக்கிறது. கையை இப்படி வை, காலை அப்படி வை என்று சொல்லாமல், பந்து தரையில் பட்டு எழும்பும் கணத்தையும் மட்டையில் படும் கணத்தையும் கவனித்து வாய்விட்டுச் சொல்லச் சொல்வார். கவனம் பந்தின் மேல் போனதும் ஆட்டம் தானாகத் திருந்தும். முன்னாள் கார் பந்தய வீரர் ஜான் விட்மோர் இந்த வழியை நிறுவனங்களுக்குக் கொண்டுபோய், 1992-ல் புத்தகமாகவும் எழுதினார். இன்று பிசினஸ் கோச்சிங் என்று பெரிய கட்டணத்தில் நடப்பதில் கணிசமான பகுதி இந்த ஊற்றிலிருந்து வந்ததுதான். மேலாளர்களை ஹோட்டல் அறையில் உட்காரவைத்துக் கேட்கும் கேள்விகளை அந்த அக்கா ஷாப் ஃப்ளோரில், வேலை நடக்கும்போதே கேட்டார். பலனும் அங்கேயே கிடைத்தது.

பெரிய அளவில் இது முடியுமா என்று கேட்பவர்களுக்குச் சென்னை பாடியைக் காட்டுவேன். சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் தரத்துக்கான டெமிங் பரிசு பெற்றது. இந்தியாவில் அதை முதலில் வாங்கிய நிறுவனம் அதுதான். அடுத்த சில ஆண்டுகளில் டிவிஎஸ் மோட்டார், ரானே பிரேக் லைனிங் என்று சென்னையைச் சேர்ந்த நிறுவனங்கள் வரிசையாக வாங்கின. அந்தப் பரிசு ஒருநாள் பயிற்சிக்குக் கிடைப்பதில்லை. அன்றாட வேலை எப்படி நடக்கிறது என்பதை நேரில் வந்து துருவித்தான் கொடுப்பார்கள்.

இப்போதெல்லாம், நாற்பது பேருக்கு ஒருநாள் வகுப்பு வேண்டும் என்று யாராவது அழைத்தால், அடுத்த திங்கட்கிழமை அவர்கள் பக்கத்தில் நிற்கப்போவது யார் என்று முதலில் கேட்கிறேன். பதில் இல்லையென்றால் சூப்பர்வைசர்களை மட்டும் முதலில் அனுப்பச் சொல்கிறேன். பத்துப் பத்துப் பேராக, ஷிஃப்டுக்கு முன்போ பின்போ இரண்டு மணி நேரம். சில முதலாளிகள் இதோடு தொடர்பை விட்டுவிடுவார்கள். நிற்கிறவர்களிடம் அடுத்து ஒன்றைக் கேட்பேன், அதுதான் கடினமானது: சூப்பர்வைசர் தன் ஆளோடு நிற்கும் நேரத்துக்கு அவருடைய அன்றைய புரொடக்‌ஷன் டார்கெட்டில் எவ்வளவு குறைப்பீர்கள்? அந்த வைண்டிங் அக்காவின் முதலாளி உடனே பதில் சொல்லவில்லை; கணக்கரை அழைத்து, ஒரு மோட்டார் வாரண்டியில் திரும்பி வந்தால் ஆகும் செலவைக் கேட்டார். பிறகு இரண்டு வாரத்துக்கு அந்தப் பிரிவின் டார்கெட்டைக் குறைத்து, போர்டில் தன் கையாலேயே எழுதினார்.