கேட்குநர் இலரே

பாரதப்புழை பாயும் பாலக்காட்டு நாட்டில், அறுவடை ஓய்ந்த வயல்களுக்கு அப்பால், பத்திரகாளி கோயிலை நோக்கி நிற்கிறது கூத்துமாடம். மேலே வெண்துகில், கீழே கருந்துகில். பின்னே தேங்காய் மூடிகளில் 21 சுடர். சுடருக்கும் துகிலுக்கும் நடுவே தோற்பாவைகள். கம்பன் விருத்தம் தமிழாகவே ஒலிக்க, உரை மலையாளம் கலந்து ஓடுகிறது. கதை உண்டு, கதை சொல்லும் நா உண்டு, கேட்குநர் இலரே.

தாருகன் என்னும் அசுரனோடு பொருத நாளில் இராமன் போரைக் காணாது போன காளிக்கென்று பிறந்தது இக்கூத்து என்பர். அவளுக்காக ஆடினர், அவளோடு ஊரும் விழித்திருந்தது. 7 இரவு, 14 இரவு, 21 இரவு என நீண்ட கதையின் முன்னே அவ்வூரை அமர்த்தியது எது? நிழல் அன்று, நெருப்பும் அன்று. திரைக்குப் பின்னே பாவையாட்டும் ஒரு புலவர் பாட்டின் ஒரு சொல்லைப் பற்றி வினவ, மற்றவர் விடைதேடிப் புராணத்துள் இறங்க, விடையின் வேரில் மறுவினா முளைக்க, நாண்விட்ட அம்பு மார்பைத் தொடுமுன் நாழிகை பல கழியும். அவ்வினாவே பிணிப்பு. திடல் வெறிச்சோடிய பின்னும் அது ஓயவில்லை: ஒருவர் வினவ, ஒருவர் விளம்ப, வினவியவரே அவையாகிறார். அவரையன்றிக் கேட்குநர் இலரே.

கூத்தைப் புரந்த பெருமனைகள் சாய்ந்தன. 1970-இல் நிலச்சீர்திருத்தத்தால் நிலம் உழுதவன் கைக்குச் சென்றது, அது அறமே. ஆயினும் கூத்துக்கு அளந்த நெல்லும் அதனோடு குறைந்தது. பின்னர் வீடுதோறும் வேறொரு திரை ஒளிர்ந்தது. அதன் முன் உறங்காதிருக்கக் கற்றோம், இதன் முன் அமர மறந்தோம். இப்பாவைக்கூத்தை ஆடும் கூனத்தறை இராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ வந்தது. கதையைச் சுருக்கிக் காட்டும் அயலக அரங்குகளில் கைதட்டல் எழுகிறது. விடியுமட்டும் விரியும் மாடத்தின் முன்னோ, கேட்குநர் இலரே.

காரைக்குடியில் 1939-இல் கம்பனுக்குக் கழகம் கண்ட மரபினீர்! தை பிறந்து கோடை முதிரும்வரை பாலக்காட்டு மாடங்களில் சுடர் ஏற்றுவர். ஓரிரவேனும் சென்று, அத்திரையின் முன் மண்ணில் அமர்மின்.