பாதை என்னும் சொல்

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் ‘பாதை’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. மண்மேல் நடக்கும் வழி ஒன்று. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலுள்ள நீரிணையில் மனிதரையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவை மற்றொன்று. ஒரு கிலோமீற்றருக்கும் குறைந்த அந்நீரைக் கடக்கப் பாதை இல்லையேல், வேலணையும் பண்ணையும் கடந்து யாழ்ப்பாண நகரைச் சுற்றியே காரைநகர் சேரல் வேண்டும். ‘பாதை பழுதடைந்தது’ என்று செய்தித்தாளிற் காணும் வெளியூரார் குன்றும் குழியுமான வீதியொன்றை எண்ணிக்கொள்வர். தீவாரோ, இன்று சிறு வள்ளந்தான் என்று பெருமூச்செறிவர்.

நெடுந்தீவைச் சேர்ந்த முதியவர் ஒருவர் இவ்விரு பொருளையும் வேறுபடுத்தி அறியார். அதற்கு அவரளவிற் காரணம் உண்டு.

1978ஆம் ஆண்டு, சோளகம் வீசிய ஒரு நாளில், தலைப்பிரசவத்தில் வருந்திய மனைவியை அவர் யாழ்ப்பாணம் கொண்டு செல்ல நேர்ந்தது. சாய்மனைக் கதிரையிற் கம்பு கட்டி, அவளை அதிற் கிடத்தி, நால்வர் தூக்கினர். முன்பக்கம் பிடித்தவர் அவரே. வீட்டிலிருந்து வண்டிக்கு ஒரு தூக்கு. வண்டியிலிருந்து மாவிலித்துறைக்கு ஒன்று. துறையிலிருந்து ஆடும் படகினுள் ஒன்று. படகு குறிகட்டுவானை அடைய ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அங்கே ஈரப் படிகளில் மேலேற்ற ஒரு தூக்கு; வாகனத்துள் இன்னொன்று. பின்னர் புங்குடுதீவு வீதியும், வாணர் பாலமும், வேலணையும், பண்ணைத் தாம்போதியும். கடல் கொந்தளித்தது உண்மையே. ஆயினும் கடலில் அவள் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு தூக்கிலுமே கத்தினாள்.

மறுநாட் காலை ஆண் மகவு பிறந்தது. மூன்றாம் நாள் தாய் இறந்தாள். வைத்தியர் கூறிய காரணம் வேறு. அதை அவர் மறுக்கவுமில்லை. எனினும், குறிகட்டுவான் படியில் தம் கால் ஒருமுறை வழுக்கியதை அவர் மறந்தாரில்லை.

கடலை அவர் பழித்துரைத்ததை எவரும் கேட்டதில்லை. 1985 மே 15ஆம் திகதி, அதே கடல்வழியிற் சென்ற குமுதினிப் படகில் குழந்தைகள் உட்படப் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். அது கடல் செய்த குற்றமன்று. குமுதினி அதன் பின்னரும் நெடுங்காலம் ஓடியது. அவரும் அதில் ஏறி இறங்கினார்.

வீதியைக் கிலோமீற்றரில் அளக்கலாம். படகை ஆட்கணக்கில் அளக்கலாம். கரையும் படகும் சந்திக்கும் நான்கடி இடத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? அது இருபுறத்தாருக்கும் உரியதன்று போலும்; ஆதலாற் பாசி படர்ந்து கிடக்கின்றது. 2021 நவம்பரில், கிண்ணியாவுக்கு அண்மையில் குறிஞ்சாக்கேணியில், பாலவேலை நடந்துகொண்டிருந்த காலத்துக்கென விடப்பட்ட பாதை கவிழ்ந்து பாடசாலைச் சிறுவர்கள் மாண்டனர். அச்செய்தியைக் கேட்ட அன்று முதியவர் உணவு கொள்ளவில்லை.

மறு ஆண்டு கோடையில், ரொறன்ரோவில் வாழும் மகன் அவரைத் தன்னிடம் அழைத்தான். அன்று பிறந்த அதே மகன். ஒன்ராறியோவின் அல்கொன்குயின் காட்டுக்கு அவரைக் கூட்டிச் சென்றான். அங்கே ஏரிக்கும் ஏரிக்கும் இடையிற் காட்டுத்தரை கிடக்கின்றது. படகிற் செல்வோர் இறங்கி, படகையே தோளிற் கவிழ்த்துச் சுமந்து மறுகரை சேர்வர். அந்நாட்டின் ஆதிக்குடிகள் வகுத்த வழிகள் இவை. சுமக்கத்தக்க இலேசான படகைப் பூர்ச்சமரப் பட்டையாற் செய்தவர்களும் அவர்களே. பின்வந்த தோல் வணிகரின் கூலியாட்கள் ஏறத்தாழ நாற்பது கிலோ நிறையுள்ள பொதிகளை இரண்டிரண்டாக முதுகிலேற்றி இவ்வழிகளில் ஓடினர். தீவார் பலர் குடியேறியுள்ள ரொறன்ரோவும், ஹம்பர் ஆற்று முகத்திலிருந்து சிம்கோ ஏரிவரை சென்ற அத்தகைய சுமைவழி ஒன்றின் வாயிலே.

மஞ்சட் பலகையொன்று சுமைவழியின் நீளத்தை மீற்றரிற் காட்டியது. பதினாறு வயதுப் பேரன் படகைத் தூக்கித் தலைமேற் கவிழ்த்தான். முதியவர் சிரித்துவிட்டார்.

“எங்கட வள்ளம் எங்களைச் சுமக்கும். உன்ர வள்ளத்தை நீயெல்லோ சுமக்கிறாய்!”

பின்பு அவர் சிரிக்கவில்லை. பேரனுக்கு முன்னே நடந்து, வேர்களையும் கற்களையும் கைத்தடியால் தட்டிப் பார்த்தார். சேற்றில் இட்டிருந்த பலகையொன்று ஆடியது. நின்று, மிதித்து, அதன் ஓரத்தைக் காட்டினார். மறுகரையில் இறங்குமிடத்துக் கற்கள் வழுக்கின. பேரன் படகைத் தோளிலிருந்து இறக்குமுன், அவர் முழங்காலளவு நீரில் இறங்கி அதன் முன்பக்கத்தைப் பற்றிக்கொண்டார்.

“மெல்ல வை, மோனை.”

“அப்பப்பா, உள்ளுக்கு ஒருத்தரும் இல்லையே.”

படகு நீரில் நன்றாக மிதக்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை.